பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் ஒரு தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குச் செயலாளராக இருந்தால் என்னென்ன புகார் வரும்? தண்ணீர் லாரி, பார்க்கிங், அதற்கு அடுத்தபடியாக நாய். கேட்கும் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அவையேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாடு முழுக்கப் பொருந்தும். மாநகராட்சி பற்றிச் சொல்வது சென்னைக்கு.

நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்? இதையெல்லாம் ஒரு புகார் என்று சொல்ல முடியுமா?

கூரியர் வந்தால் நாலு குரை, மதில்மேல் பூனை நடந்தால் இரண்டு குரை. அதற்கெல்லாம் புகார் செய்தால் கேட்பவர் சிரிப்பார். இங்கே பேசுவது வேறு: ஆள் இல்லாத வீட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை விட்டுவிட்டுக் குரைப்பது, இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்து அரைமணி நேரம் நிற்காமல் போவது, ஒன்று ஆரம்பித்தால் வீட்டிலிருக்கும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்வது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு பக்கமும் பேசுகிறது. குரைப்பு நாயின் இயல்பு, அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஓயாத குரைப்பு தொந்தரவுதான், முக்கியமாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டில் கைக்குழந்தையோ, நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவரோ, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளையோ இருந்தால் தயங்காமல் பேசலாம்.

சும்மா இருக்கும்போதும் ஏன் குரைத்துக்கொண்டே இருக்கிறது?

சும்மா இருப்பதுதான் பாதி வீடுகளில் காரணம். காலையில் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் கொண்டுபோய் மூச்சா போகவிட்டு உள்ளே கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மாலைவரை அதற்கு வேலையே கிடையாது. தெருவைப் பார்ப்பதும் குரைப்பதும்தான் பொழுதுபோக்கு.

கிரில் கேட் இன்னொரு காரணம். தெருவே தெரிகிறமாதிரி கம்பி கேட் போட்ட வீட்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பால் பாக்கெட் போடுபவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். சாப்பாட்டு டெலிவரி வருகிறது, குரைக்கிறது, வண்டி கிளம்பிவிடுகிறது. அவர் வேலை முடிந்து போகிறார் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் அந்த ஆள் ஓடினான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி ஜெயித்துக்கொண்டிருக்கும் நாய் எதற்காக நிறுத்தப்போகிறது?

மூன்றாவது, தனிமை. வீட்டில் ஆள் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்து, ஒரே சுதியில் நீளமாக, நடுநடுவே அழுவதுபோல் வந்தால் அது காவல் குரைப்பு அல்ல. நாய் பயந்துபோயிருக்கிறது. கதவைப் பிறாண்டுவது, வீட்டுக்குள்ளேயே அசிங்கம் செய்வது எல்லாம் கூடவே இருக்கும்.

இவை போக, பத்து வயதைத் தாண்டிய நாய் திடீரென்று ராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால் மறதி நோயோ மூட்டு வலியோ கண்பார்வை மங்கலோ இருக்கலாம். தீபாவளி வாரத்தில் வரும் குரைப்பு பட்டாசுப் பயம். இனத்துக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் ஸ்பிட்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. பீகிள் வேட்டை நாய் என்பதால் குரலே தூரத்துக்குக் கேட்கிறமாதிரி அமைந்தது. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கென்றே பெயர்பெற்றவை. தோட்டம் துரவு உள்ள இடத்தில் சுற்றவேண்டிய அந்த நாயை இருபதுக்கு முப்பது வீட்டின் போர்டிகோவில் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நோட்டு போடுங்கள். "எப்பப் பார்த்தாலும் குரைக்குது சார்" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரும் சரி, போலீஸும் சரி, யாரும் அசைய மாட்டார்கள். "செவ்வாய், இரவு 11.40 முதல் 12.05 வரை, கேட் பக்கம், தெருநாய்கள் போனபோது ஆரம்பித்தது" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இரண்டு வாரம் எழுதினால் போதும். நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எங்கிருந்து, எதைப் பார்த்து. சிலவற்றை மொபைலில் பதிவுசெய்து வையுங்கள். உங்கள் படுக்கையறையில் இருந்தபடி பதிவு செய்யுங்கள். அவர்கள் வீட்டுக்குள் கேமராவை நீட்டினால் பிரச்சினை வேறு பக்கம் திரும்பிவிடும்.

நோட்டில் இன்னொரு லாபம் உண்டு. எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரியவரும். எல்லாம் காலை 9.15-க்குப் பிறகு என்றால் ஆள் கிளம்பும் நேரம். எல்லாம் நள்ளிரவு என்றால் பெரும்பாலும் தெருநாய்கள் காரணம். காரணம் தெரிந்தபின் பேசப் போவதும் தெரியாமல் போவதும் வேறுவேறு.

எப்படிப் போய்ப் பேசுவது? சண்டை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பேசுகிற நேரம் முக்கியம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போதே போய்க் கதவைத் தட்டாதீர்கள். உங்களுக்கும் கோபம், அவருக்கும் தூக்கக் கலக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி சாப்பிட்டு முடித்த நேரத்தில் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஊருக்கே தெரியவைத்துவிட்டுப் பிறகு பேசப் போனால் அந்த ஆள் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார்.

பேச்சை நாயிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் சொல்லச் சொல்வது இந்த மாதிரி:

"அக்கா, நீங்களும் அண்ணனும் ஆபீஸ் கிளம்பினதும் டாமி ரொம்ப நேரம் அழுதுகிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னுதான் சொல்ல வந்தேன். சாயந்திரம் நீங்க வர்ற வரைக்கும் விட்டுவிட்டு இருக்கு. உடம்புக்கு ஏதாச்சுமா?"

இதற்குக் கோபப்படுபவர் அபூர்வம். அடுத்த வாக்கியத்தில் உங்கள் கஷ்டத்தையும் சொல்லிவிடுங்கள்: "அம்மாவுக்கு பி.பி. இருக்கு, மதியம் கொஞ்சம் கண்ணசர முடியலை." இவ்வளவு போதும். "உங்க நாயை எங்கயாச்சும் கொண்டுபோய் விடுங்க" என்று முதல் பேச்சிலேயே சொன்னால் கதை முடிந்தது. வீட்டில் பிள்ளைபோல் வளர்க்கும் ஜீவனைத் தெருவில் விடச் சொல்கிறீர்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

வயதில் பெரியவர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவரை அனுப்புவது நல்லது. பல தெருக்களில் இரண்டு வீட்டு அம்மாக்கள் மதில் பக்கம் நின்று பேசித் தீர்த்ததைச் சங்கக் கூட்டங்கள் தீர்த்ததில்லை.

"என் நாய் குரைக்கவே குரைக்காது" என்று சாதிக்கிறார். பொய்தானே?

பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது அது நிஜமாகவே குரைக்காமல் இருக்கலாம். தனிமையில் குரைக்கும் நாய், ஓனர் வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் படுத்துவிடும். பதிவை அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். நேரமும் கூடவே தெரிகிறமாதிரி இருக்கட்டும். வீட்டில் சி.சி.டி.வி. இருந்தால் பகலில் ஒரு மணி நேரம் மொபைலில் பார்க்கச் சொல்லுங்கள். தன் நாய் காலி வீட்டில் கதவைப் பார்த்து அழுவதைக் கண்ட ஓனர் பிறகு உங்களிடம் வாதாட வரமாட்டார்.

ஓனர் ஒத்துக்கொண்டார். ஆனால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. / என் நாய்தான் குரைக்கிறது, நான் என்ன செய்ய?

முதல் வேலைக்கு இருநூறு முந்நூறு ரூபாய்தான் ஆகும். கிரில் கேட்டின் கீழ்ப்பாதியில், நாயின் கண் உயரத்துக்கு மேல் வரும்படி, பச்சை ஷேட் நெட்டையோ பழைய ஃப்ளெக்ஸையோ கட்டிவிடுங்கள். தெரு தெரியாவிட்டால் பாதிக் குரைப்பு அன்றைக்கே போய்விடும். காற்றும் வரும். ஜன்னலோரம் சோபாவில் ஏறி நின்று குரைக்கும் நாயாக இருந்தால் சோபாவை நகர்த்துங்கள். இவ்வளவு எளிய வேலையைச் செய்யாமல் ட்ரெய்னருக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாவது, நடை. காலையில் வெயில் ஏறும் முன் அரைமணி, இரவு அரைமணி. இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை, மோந்து பார்க்க விட வேண்டும். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் களைத்துவிடும். கிளம்பும்போது சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டுக்குள் சுருட்டி வையுங்கள், அல்லது தோட்டத்தில் தூவிவிடுங்கள். தேடித் தேடித் தின்னும். கெட்டித் தயிரை ரப்பர் பொம்மைக்குள் நிரப்பி ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால், நீங்கள் கிளம்பிய முதல் அரைமணியை அது நக்கியே கழித்துவிடும். அந்த அரைமணிதான் கஷ்டமான நேரம்.

மூன்றாவது, பழக்கம். குரைக்கும்போது "ஏய் சும்மா இரு" என்று கத்துவதில் பலன் இல்லை. நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படும். "போதும்" என்று சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மூச்சு வாங்க நிறுத்தும் அல்லவா, அந்த இரண்டு மூன்று விநாடி அமைதிக்கு உடனே ஒரு தீனி. நாளாக ஆக அந்த அமைதியை நீட்டிக்கொண்டே போங்கள். வீட்டிலிருக்கும் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா ஒரு பக்கம் பிஸ்கெட் போட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தால் குரைத்தால் பிஸ்கெட் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். அப்புறம், இதுவரை குரைத்தால் கவனித்துவந்தீர்கள், இப்போது கவனிப்பதை நிறுத்துகிறீர்கள் என்றால் முதல் சில நாள் குரைப்பு கூடத்தான் செய்யும். இதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொள்வார்கள்.

தனிமைப் பயத்துக்கு இவை போதாது. இரண்டு நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு ஐந்து, பிறகு பதினைந்து என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். முற்றிய நிலையில் மருந்து தேவைப்படும். கால்நடை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி நாயை அடக்கும் கருவி ஆன்லைனில் விற்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு அதற்கு மேலேயும் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு உயர்ந்த ஒலி சுவரையும் மூடிய கதவையும் தாண்டாது. நேர்ப் பார்வையில் இருந்தாலும் சில நாய்கள் கொஞ்ச நாளில் பழகிவிடும், சில நாய்கள் அதைக் கேட்டே கூடுதலாகக் குரைக்கும். ஷாக் காலர் என்ற கழுத்துப்பட்டையை ஓனர் வாங்க நினைத்தால் அதையும் தடுங்கள். பயத்தில் குரைக்கும் நாயை மேலும் பயமுறுத்தினால் அடுத்தது கடிதான்.

ஜன்னலிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, தடியால் கேட்டைத் தட்டுவது?

நாய் உங்களை எதிரி லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளும். இனி உங்கள் செருப்புச் சத்தத்துக்கே குரைக்கும்.

அவர்கள் சரிசெய்யும்வரை என் வீட்டுக்குள் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா?

கனமான திரைச்சீலை போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒலி இடுக்கு வழியாகத்தான் நுழைகிறது. கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய லூவர் ஜன்னலும், பாத்ரூம் வென்டிலேட்டரும், கதவுக்கடியில் இருக்கும் விரலளவு இடைவெளியும் அடைபடாதவரை என்ன திரை போட்டும் பயனில்லை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவுக்குக் கீழே ஒரு பட்டை, முடிந்தால் நாய் இருக்கும் பக்கத்து அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டு மறுபக்க அறையில் படுக்கை. நம் ஊர் வெக்கைக்கு ஏ.சி. இல்லாமல் ஜன்னலை மூட முடியாது என்பது வாஸ்தவம்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பஞ்சு இயர்பிளக்கும் டேபிள் ஃபேன் சத்தமும்தான் கைகொடுக்கும்.

எங்கள் அபார்ட்மென்ட் சங்கம் "நாய் வளர்க்கக் கூடாது" என்று தீர்மானம் போட்டால் தீர்ந்துவிடாதா?

அந்தத் தீர்மானம் நிற்காது. பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் வளர்ப்புப் பிராணிக்குத் தடை விதிக்கும் அதிகாரம் குடியிருப்போர் சங்கத்துக்குக் கிடையாது என்பதே விலங்குகள் நல வாரியத்தின் நிலை. நாய் வைத்திருப்பவரிடம் தனிக் கட்டணம் கேட்பதையும், லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்பதையும் அந்த வழிகாட்டுதல் ஏற்கவில்லை. சங்கம் செய்யக்கூடியது வேறு: தடுப்பூசிச் சான்றும் உரிமமும் கேட்டு வாங்கலாம், பொது இடத்தில் கயிறில்லாமல் விடக் கூடாது என்று சொல்லலாம், இரவு பத்து மணிக்கு மேல் நாயைப் பால்கனியில் விடாதீர்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். பால்கனியிலிருந்து வீட்டுக்குள் வந்தாலே சத்தம் பாதியாகிவிடும்.

போலீசுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-வது பிரிவு பொதுத் தொல்லை எது என்று சொல்கிறது, 292-வது பிரிவு அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2024 ஜூலைக்கு முன் இ.பி.கோ. 268, 290 என்று இருந்தவைதான் இவை. இது பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்றால், உங்கள் மனுவை வாங்கி, அதைப் பதிவுசெய்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், நாய் வளர்ப்பவரைக் கூப்பிடுவார்கள், இருவரையும் உட்காரவைத்துப் பேசி எழுதி வாங்குவார்கள். பலருக்கு அதுவே போதுமானது. சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கேட்டு வாங்காமல் வராதீர்கள். பின்னால் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பொதுத் தொல்லை என்ற சொல்லில் "பொது" இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் ஒரு வீட்டுக் கையெழுத்தோடு போனால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகப் பார்க்கப்படும். நாலைந்து வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் கனம் சேரும்.

நாய் கேட்டைத் தாண்டி வந்து ஆட்களைத் துரத்துகிறது, கடிக்க வருகிறது என்றால் கதை வேறு. விலங்கால் ஆட்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

டெசிபல் கணக்கு வைத்துக் கேட்க முடியாதா?

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது அதற்கென்று நியமிக்கப்பட்ட டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் புகார் செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த அளவு ஒரு கால அளவின் சராசரி. ஸ்பீக்கர் தொடர்ந்து பாடும், நாய் விட்டுவிட்டுக் குரைக்கும். சராசரி எடுத்தால் குறைந்துவிடும். மொபைல் ஆப் காட்டும் எண்ணை அதிகாரிகள் ஏற்கமாட்டார்கள், நோட்டில் துணைக்கு எழுதிவைக்கலாம். என் அனுபவத்தில் டெசிபலைவிட நேரக் குறிப்புதான் எடுபடும்.

போலீஸ் பேசியும் கேட்கவில்லை. அடுத்து?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் (பழைய சி.ஆர்.பி.சி. 133) நிர்வாக நடுவர் தொல்லையை அகற்றும்படி உத்தரவிடலாம். மாவட்டங்களில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். இங்கேயும் பல வீட்டுக் கையெழுத்து வேண்டும்.

சிவில் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு வழக்குப் போடலாம். வருடக்கணக்கில் ஆகும், வக்கீல் ஃபீஸ் தனி, அதற்குள் நாய்க்கே வயதாகிவிடும். அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். வழக்கு இல்லாமலே இருதரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், செலவில்லை. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கோர்ட் வளாகத்திலிருந்து தபால் வந்தது என்றாலே சிலருக்கு நாயை வாக்கிங் கூட்டிப்போக நேரம் கிடைத்துவிடுகிறது.

மாநகராட்சி ஏதாவது செய்யுமா?

குரைப்புக்கென்று நேராக இல்லை. ஆனால் சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்தார்கள். 1913-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். முதல் நாளே இதைக் கையிலெடுத்தால் பழிவாங்குவதாகத்தான் தெரியும். பேசிப் பார்த்தும் பலனில்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் எப்போதும் சங்கிலியில்தான். மொட்டை மாடி வெயிலில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பாவம் மட்டுமில்லை, குற்றமும்கூட. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கின்றன: மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் இருப்பது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். 1960-ல் அது ஒரு தொகை. ஆனாலும் நீர், நிழல் இல்லாமல் மாடியில் கட்டியதைப் படம் எடுத்து ஒரு விலங்கு நல அமைப்புக்குச் சொன்னால் ஆள் வந்து பேசுவார்கள், தேவைப்பட்டால் போலீசோடு வருவார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், நாய் பசியில் கத்தும் வீடுகளுக்கும் இதே வழிதான். அங்கே இரண்டு வாரம் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

மாடியில் ஏழெட்டு நாய். குட்டி போடவைத்து விற்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அது வியாபாரம். நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017-ன்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இதைச் செய்யக் கூடாது. இந்த மாதிரி இடத்தில் "அக்கா, டாமி அழுகிறது" என்கிற பேச்சு எடுபடாது. மாதாமாதம் ஆன்லைனில் வரும் குட்டி விற்பனை விளம்பரத்தைத் தேதியோடு சேமித்துவைத்து, வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

குரைப்பது அவர்கள் நாய்தான், ஆனால் கிளப்பிவிடுவது தெருநாய்கள்.

இரவுக் குரைப்பில் இது நிறைய. கருத்தடை செய்யாத நாய்கள் இருக்கும் தெருவில் இனச்சேர்க்கைப் பருவம் வந்தால் தினமும் ராத்திரி சண்டைதான், அதற்கு உள்ளிருக்கும் நாயும் பதில் சொல்லும். 1913-க்குச் சொல்லிக் கருத்தடைக்குப் பிடித்துப்போகச் சொல்லுங்கள். சோறு வைப்பவர் இருந்தால் இடத்தை வீட்டு வாசலிலிருந்து மாநகராட்சி அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு மாற்றச் சொல்லிப் பேசுங்கள். வைக்காதே என்றால் கேட்கமாட்டார், தள்ளி வை என்றால் கேட்பார்.

பொறுமை போய்விட்டது. சாப்பாட்டில் ஏதாவது கலந்து...

அந்த நினைப்பையே விடுங்கள். விலங்கைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. குரைத்ததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம், கொன்றதற்கு ஐந்து வருடம். அந்த விஷ உருண்டையைப் பூனையோ காக்காயோ தின்னும், கைக்கு எட்டினால் குழந்தையும் எடுக்கும்.

ராத்திரி ஊளையிடுகிறது. வீட்டில் பெரியவர்கள் கெட்ட சகுனம் என்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் சைரன், கோயில் ஸ்பீக்கர், தூரத்தில் இன்னொரு நாயின் குரல், இவற்றுக்குப் பதிலாகத்தான் பெரும்பாலும் ஊளை வரும். ஹஸ்கி என்றால் அதன் பேச்சே அதுதான். மார்கழியில் விடியற்காலை நாலரைக்கே பாட்டுப் போடும் தெருக்களில் நாய் கூடவே பாடும். சட்டப்படி பார்த்தால் ஆறு மணிக்கு முன் ஸ்பீக்கரும் போடக் கூடாது, ஆனால் அந்தப் புகாரைக் கொடுக்க நம் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

இரண்டு நாளாகக் குரைப்பின் குரலே மாறியிருக்கிறது, கரகரவென்று வருகிறது.

அதிகம் குரைத்துத் தொண்டை கட்டியிருக்கலாம். ஆனால் கூடவே வாயில் எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, ஆளைத் தெரியாமல் பாய்வது, தண்ணீர் விழுங்கத் திணறுவது எதுவும் இருந்தால் ரேபிஸ் சந்தேகம். கிட்டே போகாதீர்கள், பிள்ளைகளை உள்ளே வையுங்கள், ஓனருக்கும் மாநகராட்சிக்கும் உடனே சொல்லுங்கள். பல்லோ நகமோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

வேறு வீடு பார்க்கிறேன். அங்கேயும் இதே கதை ஆகாமல் இருக்க?

புரோக்கர் பகல் பதினொரு மணிக்குத்தான் கூட்டிப்போவார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை, காலை ஒன்பதரைக்கு ஒருமுறை நீங்களாகவே அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளை அண்ணாந்து பாருங்கள், நாய்க் கூண்டு தெரியும். வீட்டு ஓனரைக் கேட்டால் "அமைதியான ஏரியா" என்பார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை நாய், எது வாய், எது கடி என்று அவர் கைவேலையை நிறுத்தாமலே சொல்லிவிடுவார்.